வாடைக்கு மூன்று வீடு: லாஹுலா, மேல்மலையா, அரியமானா?

ஐப்பசியில் வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் ராமநாதபுரம் கடற்கரையில் பாதி ஊருக்கு வேலை குறைந்துவிடும். வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கம் கடல் கலங்கி, சின்ன வல்லங்கள் கரையேறிவிடும். தென்கடலில் தொழில் பார்க்க வசதி இருப்பவர்கள் மன்னார் வளைகுடாப் பக்கம் போய்விடுவார்கள். மற்றவர்கள் தை, மாசி வரைக்கும் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனார்கள். இப்போது ஆள் இல்லாத காலத்தில் விடுதிகளையும் பங்களாக்களையும் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கர் வேலையும் வருகிறது.

என் அக்கா மகனுக்கு இந்த வருஷம் ஒரே சமயத்தில் மூன்று இடம் வந்திருக்கிறது. கல்யாணம் ஆகாத பையன். படகு இன்ஜின் வேலை கைவந்தவன். முதல் இடம் இமாசலப் பிரதேசத்தில், லாஹுல் பள்ளத்தாக்கில், கேலாங்கைத் தாண்டி ஒரு மலை விடுதி. கார்த்திகையில் போனால் பங்குனியில்தான் திரும்ப வேண்டும். இரண்டாவது, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் ஒரு பங்களா. மூன்றாவது இங்கேயே, உச்சிப்புளியை ஒட்டிய அரியமான் கடற்கரையில் ஒரு விருந்தினர் இல்லம். "மாமா, நீங்க பனிமலையிலயும் இருந்தீங்க, கொடைக்கானல்லயும் இருந்தீங்க. எதுக்குப் போறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய பிள்ளைகள் நம் பக்கம் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

எல்லாரும் சம்பளத்தை முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: ஊரிலிருந்து ஒரு போன் வந்தால், அங்கிருந்து கிளம்பி எப்போது வீட்டுக்கு வந்து சேர முடியும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சரி, லாஹுலிலிருந்து தொடங்குவோம். அவன் மனசு அங்கேதான் இருக்கிறது. ரோஹ்தாங் கணவாய் பனியில் மூடினால் முன்பு அந்தப் பள்ளத்தாக்கே வருஷத்தில் பாதி நாள் வெளியுலகத்தோடு தொடர்பில்லாமல் கிடக்கும். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறந்ததும் அந்த நிலை மாறியது. ஆனால் சுரங்கம் திறந்திருப்பதும், அதற்கு இரண்டு பக்கமும் உள்ள சாலை திறந்திருப்பதும் ஒன்றல்ல. பெரும்பனி விழுந்தால் சாலையை வெட்டித் திறக்கும் வரை வண்டி ஓடாது. அதிலும் இவனுக்கு வந்திருக்கும் விடுதி சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சாலையிலிருந்து விடுதி வரைக்கும் உள்ள பாதையைப் பனிக்காலத்தில் திறப்பது யார் என்று கேட்டேன். வேலை பிடித்துத் தரும் ஏஜென்டிடம் அதற்குப் பதில் இல்லை. அதாவது, திறக்கப் போவது இவன்தான்.

அங்கே வேலை என்பது வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அல்ல. கூரைதான் முக்கியமான வேலை. புதுப்பனி பஞ்சு மாதிரிதான் விழும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் விழுந்து படிந்து இறுகினால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பனி 200 முதல் 300 கிலோ வரை வரும். நம் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், ஏலக்கூடத்தில் அடுக்கும் ஐஸ் பாரில் நாலைந்தைக் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏற்றி வைத்த கனம். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவில் பனிக்காலக் காவலர்கள் கூரைப் பனியைப் பெரிய ரம்பத்தால் கட்டி கட்டியாக அறுத்துத் தள்ளுவார்கள். அங்கே 1973 முதல் ஒரே மனிதர் பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்திருக்கிறார். லாஹுலில் மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய தட்டையான கூரைகளில் மரப்பலகையால் தள்ளுவார்கள். பனி விழுந்த அன்றைக்கே தள்ள வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் இறுகிவிடும். கூரையின் ஓரத்துக்குப் போகும்போது இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், கீழே ஒருவர் நிற்க வேண்டும். தனி ஆளை வைத்து இந்த வேலையை வாங்க நினைக்கும் முதலாளியிடம் யாரும் போகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது குழாய். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். இரும்புக் குழாயானாலும் பிளந்துவிடும். அதனால் பொழுது சாய்வதற்குள் தினமும் ஒரு வேலை இருக்கிறது. மேலே மெயின் வால்வை மூட வேண்டும். பிறகு வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்துவிட்டு, மாடிக் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும். தண்ணீர் முதலில் வேகமாக வரும், பிறகு நூலாக இறங்கும், கடைசியில் கட்கட்டென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வேலை. இடையில் ஒரு வளைவில் ஒரு சொம்புத் தண்ணீர் தங்கினாலும் போதும், விடியும்போது அந்த இடம் வெடித்திருக்கும். அது வெடித்தது அப்போது தெரியாது என்பதுதான் கொடுமை. உள்ளே இருப்பது பனிக்கட்டி, ஒழுகாது. வெயில் ஏறி உருகும்போதுதான் சுவர் நனையும். மணாலிக்கு மேலே நான் இருந்த விடுதியில் சமையலறைக்கு மட்டும் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருப்போம். குடிக்க, சமைக்க, கை கழுவ எல்லாம் அதிலிருந்துதான். ராமநாதபுரத்தில் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவனுக்குத் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் நம் பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தேறியவர்கள்.

அடுப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அங்கே அறைக்கு நடுவில் தகர அடுப்பு வைத்து, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே விடுவார்கள். அந்தக் குழாயில் கரி அடைத்தாலும், வெளிவாயைப் பனி மூடினாலும், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிற்கும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். தூங்கப் போகும்போது கரி எரியும் சட்டியை அறைக்குள் வைப்பது எந்தக் குளிரிலும் கூடாது. இது லாஹுலுக்கு மட்டும் சொல்வது அல்ல. கொடைக்கானல் விடுதி அறைகளிலேயே கரி அடுப்புப் புகையில் இறந்தவர்கள் உண்டு.

கேலாங் 3,000 மீட்டர் உயரத்துக்கும் மேலே. நாம் இருப்பது கடல் மட்டம். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கிவிடும். போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று நாள் எந்த வேலையும் செய்யாமல் இருந்து உடம்பைப் பழக்க வேண்டும். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் கீழே இறங்கியாக வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொறுத்துப் பார்ப்போம் என்பது உயிரோடு விளையாடுவது. பனிக்காலத்தில் இறங்கும் வழியே மூடியிருக்கலாம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதனால்தான் புரட்டாசியிலேயே, வழி திறந்திருக்கும்போதே போய்விட வேண்டும் என்கிறேன். கார்த்திகையில் போய் இறங்குவது தாமதம். பனி மூடாத வீட்டைக் கண்ணால் பார்த்தால்தான் எந்தக் குழாய் எங்கே போகிறது, விறகு எங்கே இருக்கிறது, பாதை எங்கே பள்ளத்தில் இறங்குகிறது என்று தெரியும்.

பனிச்சரிவு பற்றி ஒரு விஷயம். குளிர் குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்று நாம் நினைப்போம். உண்மையில் மாசி, பங்குனிப் பெரும்பனிதான் சரிவைக் கொண்டுவருகிறது. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்குப் பக்கத்தில் மாணா என்ற இடத்தில் சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த கன்டெய்னர்கள் மேல் பனி சரிந்தது. 54 பேர் சிக்கினார்கள், 46 பேரை உயிரோடு மீட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். மலை தெரிந்தவர்கள் நடுவில் நடந்தது அது. விடுதியின் பின்னால் உள்ள சரிவில் மரம் இருக்கிறதா, மொட்டையாக இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லிக் கேள் என்றேன். மரமே இல்லாமல் மேலிருந்து கீழே வழித்துவிட்ட மாதிரி ஒரு பட்டை தெரிந்தால் பனி வழக்கமாக இறங்கும் வழி அதுவாகவே இருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும், அங்கே போகவே வேண்டாம் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. "பனியை ஒரு தடவையாச்சும் முழுசாப் பாக்கணும் மாமா" என்றான். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். பனி நின்ற மறுநாள் காலையில் அந்த மலைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நியாயமான ஆசை. பணமும் மிஞ்சும். சாப்பாடும் தங்குமிடமும் போக, செலவழிக்கக் கடையே கிடையாது. இன்ஜின் தெரிந்தவனுக்கு அங்கே மரியாதையும் உண்டு. கடுங்குளிரில் சாதாரண டீசல் மெழுகு கட்டி ஜெனரேட்டர் ஓடாது. 2019இல் லடாக்குக்கென்று குளிர்கால டீசலையே தனியாகக் கொண்டுவந்தார்கள். ஃபில்டரில் மெழுகு அடைத்தால் கழற்றிச் சரிசெய்ய இவனால் முடியும்.

ஆனால் என் முதல் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்கள் ஏராளம். ஊரில் ஒரு துக்கம் என்றால் அவர்கள் விமானம் பிடித்து மறுநாளோ அதற்கு மறுநாளோ வாசலில் வந்து இறங்குகிறார்கள். லாஹுலில் சாலை மூடியிருந்தால் அதுகூட முடியாது. சாலை திறந்து, மணாலி இறங்கி, அங்கிருந்து ஓர் இரவு பஸ்ஸில் டெல்லி, டெல்லியிலிருந்து மதுரை, அப்புறம் ராமநாதபுரம். நல்ல காலத்திலேயே இரண்டு நாள் போய்விடும். மூடின காலத்தில் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது. போன ஆடியில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுத்தோம். இவன் ஒரே பையன். நம் ஊரில் முகம் பார்க்க வரவில்லை என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும். பேச்சை விடுங்கள், வர முடியாமல் அங்கே உட்கார்ந்திருப்பவன் மனசு என்ன பாடுபடும்?

மேல்மலைக்கு வந்தால் இந்தக் கவலை தீர்ந்துவிடுகிறது. மன்னவனூரில் காலையில் பஸ் ஏறினால் கொடைக்கானல், வத்தலக்குண்டு, மதுரை என்று மாறி அன்றைக்கு ராத்திரியே வீடு வந்துவிடலாம். 2024 மே முதல் கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் அதுவும் வேண்டாம். பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லி வைத்தால் போதும்.

குளிர் என்று பார்த்தால், நமக்கு அதுவே பெரிய குளிர். பாம்பனில் மார்கழியில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கொடைக்கானல் 2,100 மீட்டர். மார்கழி, தையில் தெளிந்த வானமாக இருக்கும் இரவுகளில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும். குழாய் வெடிக்கும் அளவுக்குப் போகாது. மேல்மலையில் உண்மையான பிரச்சினை ஈரம். ஐப்பசி முழுக்க மழை, மழை விட்டால் மூடுபனி. மெத்தை, தலையணை, தோல் செருப்பு, அலமாரிச் சட்டை என்று எல்லாவற்றிலும் பூசணம் பூக்கும். ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுபோனால் அதை டப்பாவில் அடைத்து மறந்துவிடக் கூடாது. வெயில் அடிக்கிற ஒவ்வொரு நாளும் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். பங்களாவையும் அதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். வெயில் வந்தால் எல்லா ஜன்னலையும் திறந்து, மெத்தையை நிமிர்த்தி வைத்து, நாலு மணிக்கு மூடுபனி ஏறுவதற்குள் திரும்பவும் அடைத்துவிட வேண்டும். அந்த வீட்டில் பாதி வேலை இதுதான்.

மழைக்காற்றில் மரம் சாய்வது இன்னொன்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி, கொடைக்கானல் வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்தது. மேல்மலைக் கிராமங்களில் பல நாள் கரண்ட் இல்லை. அதனால் டார்ச், அரிசி, பருப்பு, ஒரு உபரி சிலிண்டர் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இருட்டின பிறகு கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாக வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். காட்டுமாடு வாசலிலேயே நிற்கும். சும்மா மேய்ந்துகொண்டிருப்பதைக் கிட்டப்போய் விரட்டக் கூடாது, அதற்குப் போக வழி விட்டு ஒதுங்க வேண்டும். இவ்வளவுதான். ஊர்க்காரர்களோடு பழகிவிட்டால் மற்றதை அவர்களே சொல்லித் தருவார்கள். பூண்டு போடும் சனங்கள், பேசிப் பழகத் தமிழ், டீக்கடை, வாரத்தில் ஒரு தடவை கொடைக்கானல் சந்தை. தனிமை என்று ஒன்று இருந்தாலும் அது ஆளைத் தின்கிற தனிமை இல்லை. லாஹுலில் மார்கழியில் பகல் வெளிச்சம் பத்து மணி நேரம்தான், அதிலும் மலை மறைத்துக்கொண்டு வெயில் சீக்கிரம் போய்விடும். மீதி நேரம் அடுப்பின் முன்னால், மொழி தெரியாத ஒருவரோடு. தாக்குப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது முதல் வருஷமே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் அல்ல.

அரியமான் சுலபம் என்று அக்கா நினைக்கிறாள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், சோறு வீட்டிலிருந்தே போகும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரியமான் வடகடல் பக்கம். வாடைக்காற்று நேராக அந்த வீட்டின் முகத்தில்தான் அடிக்கும். மழைச்சாரல் ஜன்னல் சட்டத்தின் வழியாக உள்ளே வரும். உப்புக்காற்றில் கீல், தாழ்ப்பாள், ஏசியின் வெளிப்பெட்டி, மீட்டர் பெட்டி எல்லாம் துருப்பிடிக்கும். பூட்டின் மேல் சைக்கிள் டியூப் துண்டை வெட்டிக் கட்டி, கீலுக்குக் கிரீஸ் தடவி, வாரா வாரம் அதைத் துடைத்துத் திரும்பத் தடவினாலும் ஒரு வாடையில் ஒரு கதவாவது மக்கர் செய்யும். அதே வேலைக்கு ஏர்வாடியிலோ வாலிநோக்கத்திலோ மூக்கையூரிலோ தென்கடலைப் பார்த்த ஒரு வீடு கிடைத்திருந்தால் யோசிக்காமல் சரி என்றிருப்பேன். அந்தப் பக்கம் வீட்டுக்குக் கஷ்டகாலம் ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று. வாடை மாதங்களில் புயல் சின்னம் உருவாகாத வரை கடல் அடங்கிக் கிடக்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இங்கே மார்கழியும் தையும் ஆள் வராத காலம் இல்லை. கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் ராமேஸ்வரம் வரத் தொடங்குவார்கள். அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு, பொங்கல் என்று கூட்டம் தொடர்ந்து இருக்கும். காவலுக்கு என்று சேர்த்தவனைச் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேட் திறப்பதற்கும் வைத்துக்கொள்வார்கள். குடித்துவிட்டுக் கலங்கின கடலில் இறங்குகிறவர்களைத் தடுப்பதும் இவன் தலையில் விழும். இதற்கெல்லாம் சம்பளமோ மூன்றிலும் குறைவு.

புயலைச் சொல்லாமல் விட முடியாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினாலே வெளியில் உள்ளதை எல்லாம் கட்டி உள்ளே ஏற்றிவிட வேண்டும். ஐந்தைத் தாண்டினால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அப்படிக் கிளம்ப முதலாளி சம்மதிப்பாரா என்பதை இப்போதே பேசி வைக்க வேண்டும். என்ன ஆனாலும் வீட்டை விட்டுப் போகாதே என்று சொல்கிறவரின் வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டியதில்லை.

அதனால் இந்த வாடைக்கு மேல்மலைக்குப் போ என்று சொல்லியிருக்கிறேன். சம்பளம் லாஹுலைவிடக் குறைவுதான், அரியமானைவிடக் கூடுதல். மலையில் வீடு பார்ப்பது, குளிரில் விடியற்காலை எழுவது, நாலு மாதம் மீன் வாசனை இல்லாமல் சாப்பிடுவது எல்லாம் அவனுக்குப் பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிடித்துவிட்டால் அடுத்த வருஷம் லாஹுலுக்கு நானே ஏற்றிவிடுகிறேன். ஆனால் புரட்டாசியிலேயே போக வேண்டும், கூடப் பனி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் முழுக் காலமும் இருக்க வேண்டும், கொஞ்சம் ஹிந்தி பேசப் பழகியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் சரி சொல்ல மாட்டேன். அம்மாவின் உடம்பை அப்போது பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள் என்பதையும் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்.

மேல்மலை முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கும் முன் சிலதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கச் சொன்னேன். மரம் விழுந்தோ மின்னல் அடித்தோ சேதம் ஆனால் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சிலிண்டர், விறகு, இன்வெர்ட்டர் பேட்டரித் தண்ணீர் செலவு அவருடையது. மாதம் இரண்டு நாள் விடுப்பு, அந்த இரண்டு நாளுக்கு வீட்டைப் பார்க்க ஊரிலேயே ஒரு ஆள். அவசரம் என்றால் யாரிடம் சாவி கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரு பெயரும் போன் நம்பரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் விருந்தாளிகள் வந்தால் சமையல் இவன் வேலையா இல்லையா என்பதும் அதில் இருக்க வேண்டும். முதலாளி மற்றது எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டார். சாவி வாங்கிக்கொள்ளும் ஆள் யார் என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அது வரும் வரை அட்வான்ஸைத் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.